கண்ணுக்குத் தெரியாத கங்காணி!

இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்கிறார்களாம் ஓட்டல் தொழிலாளர்கள்! காலம் போகிற போக்கு அறியாதவர்களாம்! கடலலையைக் கைகொண்டு தடுத்திடக் கிளம்பியவர்களாம்! இப்படிக் கேலி பேசுவோர் அமெரிக்காவிலே உண்டு. கேட்டுத் தலையாட்டுவோர் எல்லா நாட்டிலும் உண்டு.

கேலி பேசுவது எளிது, தோழர்களே! குளிர்பதன அறையிலே, சுருக்கம் விழாத வெள்ளை விரிப்பின் மீது சாய்ந்துகொண்டு பேசுவது அதனினும் எளிது. அந்த விரிப்பை விரித்துவிட்டுப் போன கரம் யாருடையது, அந்தக் கரத்துக்குரியவள் கேட்பது என்ன, எதிர்ப்பது எதை என்று விசாரிப்பதுதான் கடினம். அந்த விசாரணையை நாம் நடத்துவோம்.

பாலைவனத்து மாளிகைகள்

அமெரிக்காவிலே நெவாடா என்றொரு மாநிலம். அங்கே பாலைவனத்தின் நடுவே லாஸ் வேகாஸ் என்றொரு நகரம். சூதாட்ட மண்டபங்களும் அவற்றோடு சேர்ந்தெழுந்த ஓட்டல்களுமே அந்நகரின் உயிர்நாடி. ஓட்டல் என்றவுடன் நாலு மேஜை, நாற்பது நாற்காலி என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொன்றும் ஓர் ஊர்! ஆயிரக்கணக்கிலே அறைகள். எம்.ஜி.எம்., சீசர்ஸ், வின் ஆகிய மூன்று நிறுவனங்கள் அங்கே கொடிகட்டிப் பறக்கின்றன.

முன்வாசல் வழியே வருகிறவர் கண்ணுக்கு நீரூற்று தெரியும், நிறம் மாறும் விளக்கு தெரியும். பின்வாசல் வழியே வருகிறவர்களை எவர் கண்ணும் காண்பதில்லை. படுக்கை விரிப்போர், பாத்திரம் கழுவுவோர், சமைப்போர், பரிமாறுவோர், மது ஊற்றித் தருவோர், பெட்டி தூக்குவோர்! அவர்களிலே பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், எல் சால்வடாரிலிருந்து வந்தவர்கள், பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள், எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள். பிழைக்க வந்த இடத்திலே மொழி புதிது, மனிதர் புதிது. பழையது ஒன்றே ஒன்று: உழைப்பு!

இவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. 1935-ம் ஆண்டு பிறந்த சங்கம். 'கலினரி யூனியன்' என்று பெயர். ஓட்டல் தொழிலாளர்களின் பெரிய அமைப்பாகிய 'யுனைட் ஹியர்' சங்கத்தின் 226-வது கிளை. சுமார் 60,000 உறுப்பினர்களைக் கொண்டது. இந்தச் சங்கம்தான் 2018-ம் ஆண்டிலும், மீண்டும் 2023-ம் ஆண்டிலும், கூலிக்கு அடுத்த வரியிலேயே தொழில்நுட்பத்தை எழுதி, அதைப் பற்றி முடிவு காணாமல் கையெழுத்தில்லை என்று நிலையெடுத்தது.

ஏன் எடுத்தது?

கையிலே கொடுத்த கருவி

அறை சுத்தம் செய்யும் பெண்ணின் வேலையைச் சற்றே பாருங்கள். கனமான மெத்தையைத் தூக்கி விரிப்பை மாட்ட வேண்டும். தலையணை உறை மாற்ற வேண்டும். குளியலறையை மண்டியிட்டுத் துடைக்க வேண்டும். துணியும் சோப்பும் துடைப்பமும் ஏற்றிய பாரவண்டியைக் கம்பளத் தரையிலே தள்ளிச் செல்ல வேண்டும். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து அறைகள்.

முன்பெல்லாம் காலையிலே அவள் கையில் ஒரு தாள் தருவார்கள். இன்ன மாடி, இன்னின்ன அறைகள் என்று அதிலே இருக்கும். எதை முதலில் முடிப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பதை அவளே வகுத்துக்கொள்வாள். ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை ஒழுங்காகச் செல்வாள். பல ஆண்டு அனுபவம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது.

இப்போது பல ஓட்டல்களிலே தாள் போயிற்று, கைக்கருவி வந்தது. அதற்குள்ளே ஒரு கணிப்பொறி நிரல். எந்த விருந்தாளி எப்போது அறையைக் காலி செய்தார், எந்த அறைக்கு அடுத்தவர் காத்திருக்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அது சொல்கிறது: இந்த அறைக்குப் போ! முடித்துப் பொத்தானை அழுத்தினால் மறு கட்டளை: அடுத்த அறைக்குப் போ! அந்த அடுத்த அறை பக்கத்திலே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நாலு மாடி தள்ளி இருக்கலாம். வண்டியைத் தள்ளு, மின்தூக்கிக்குக் காத்திரு, ஏறு, மறுபடி தள்ளு! காத்திருந்த நேரம் யார் கணக்கிலே? அவள் கணக்கிலே! அறைக்குள் நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், இடையிலே கழிந்த நேரம் அத்தனையும் பதிவு.

விருந்தாளிக்கு அறை சீக்கிரம் கிடைக்கலாம். நிர்வாகத்துக்குக் கணக்கு சுத்தமாக இருக்கலாம். அந்தக் கணக்கிலே வராத ஒன்று உண்டு: வண்டியைத் தள்ளுகிற தோள்! ஓர் அறையில் குடித்துக் கூத்தடித்துக் குப்பைமேடாக்கிவிட்டுப் போயிருப்பார்கள். மற்றோர் அறையில் ஒருவர் தூங்கி எழுந்து போயிருப்பார். இரண்டுமே நிரலின் கண்ணுக்கு ஓர் அறைதான்.

கங்காணியை நமக்குத் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலேயா ரப்பர் காட்டிலும் தமிழனின் முதுகுக்குப் பின்னே நின்றவன் அவன். கொடுமைக்காரன்தான். என்றாலும், அவன் வருவது கண்ணுக்குத் தெரியும். அவனும் களைப்பான், கண்ணயர்வான். என்றைக்கேனும் ஒரு நாள், கைக்குழந்தைக்காரி அழுதால் கால் மணி நேரம் காணாதவன்போல் நிற்பான். இந்தப் புதிய கங்காணிக்குத் தூக்கமில்லை, துக்கமில்லை, முகமில்லை. ஏனய்யா இப்படி ஓடவைக்கிறாய் என்று கேட்கலாமென்றால், எதிரே ஆளில்லை! மேற்பார்வையாளரிடம் கேட்டால், நானா அனுப்பினேன், நிரல் அனுப்பிற்று என்பார். கட்டளை உண்டு, கட்டளையிட்டவர் இல்லை! இதுதான் இந்தக் கருவியின் மெய்யான வல்லமை. முதலாளியின் விருப்பத்தைக் கணக்கென்று பெயர் சூட்டி, கேள்விக்கு அப்பாற்பட்டதாக ஆக்கிவிடுகிறது.

குறட்டையைப் புரிந்துகொள்ளாத பொம்மை

அறைப் பணியோடு நிற்கவில்லை. வரவேற்பு மேசையிலே ஆளுக்குப் பதில் தொடுதிரை வருகிறது. சாவிக்குப் பதில் கைப்பேசி வருகிறது. லாஸ் வேகாஸ் காஸ்மாபாலிட்டன் ஓட்டலிலே 2017-ம் ஆண்டு, விருந்தாளியின் கைப்பேசிச் செய்திக்குப் பதில் சொல்ல ஒரு நிரல் வந்தது. அதற்கு 'ரோஸ்' என்று பெயர் வைத்தார்கள். இயந்திரத்துக்குப் பெண் பெயர் கிடைக்கிறது. உழைக்கும் பெண்ணோ பணியாள் எண்ணாகிறாள்! அதே ஆண்டு, அந்நகரத்துக் கடைவீதி ஒன்றிலே இரும்புக் கரங்கள் மது கலந்து கொடுக்கும் கடையும் திறக்கப்பட்டது.

மனிதனையே நீக்கிவிட்டால் என்ன என்று துணிந்து பார்த்தவர்களும் உண்டு. ஜப்பானிலே, நாகசாகி மாவட்டத்திலே, 2015-ம் ஆண்டு ஓர் ஓட்டல் திறந்தார்கள். 'ஹென் ந ஓட்டல்' என்று பெயர். வினோத ஓட்டல் என்று பொருள். வரவேற்பு மேசையிலே டைனோசர் வடிவத்திலே ஓர் இயந்திரம்! பெட்டி தூக்க இயந்திரம்! அறைக்குள்ளே பேச்சுத் துணைக்கு ஒரு பொம்மை இயந்திரம்! இயந்திரப் பணியாளரைக் கொண்ட உலகின் முதல் ஓட்டல் என்று கின்னஸ் ஏட்டிலே இடமும் கிடைத்தது.

நடந்தது என்ன? விருந்தாளி குறட்டை விட்டார். பொம்மையோ, தன்னிடம் ஏதோ பேசுகிறார் என்று எண்ணி, புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று நள்ளிரவிலே தட்டி எழுப்பிற்று! பெட்டி தூக்கும் இயந்திரத்தால் நூற்றுக்கு மேற்பட்ட அறைகளிலே இருபத்துச் சொச்சம் அறைகளுக்குத்தான் போக முடிந்தது. மழையிலே நனைந்தால் அதுவும் மக்கர். கடவுச்சீட்டைப் படியெடுக்க டைனோசருக்குத் தெரியவில்லை. மனிதன் ஓடி வந்தான். 2019-ம் ஆண்டு தொடக்கத்திலே செய்தி வந்தது: 243 இயந்திரங்களிலே பாதிக்கு மேல் வேலைநீக்கம்! வேலையைக் குறைக்க வந்த இயந்திரம், தனக்கு ஏவல் செய்யவே ஆட்களுக்கு வேலை வைத்தது.

சிரிப்பு வருகிறது. சிரியுங்கள்; ஆனால் சிரித்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்! 2015-ம் ஆண்டின் பொம்மை வேறு. இன்றைய இயந்திரம் வேறு. 2022-ம் ஆண்டு இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, கேட்டதற்கு நயமாகப் பதில் சொல்லும் நிரல்கள் பெருகிவிட்டன. குறட்டைக்கும் பேச்சுக்கும் வேற்றுமை தெரியாத காலம் மலையேறிற்று. இயந்திரம் தானே தோற்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவன், எதிரி தடுக்கி விழுவான் என்று எண்ணி வாளை உறையிலே வைத்திருப்பவனுக்குச் சமம்.

உடைப்பவர்கள் என்ற பழி

இந்த இடத்தில்தான் கேலிக்காரர் ஒரு பழைய பெயரை எடுத்து வீசுகிறார். 'லட்டைட்'டுகள் நீங்கள் என்கிறார். இயந்திரத்தை உடைத்த மூடர்களின் வாரிசுகள் என்று பொருள்.

யார் அந்த மூடர்கள்? 1811, 1812-ம் ஆண்டுகளில் இங்கிலாந்து நாட்டிலே, நாட்டிங்ஹாம் பகுதியிலே, காலுறை பின்னிய தறிக்காரர்கள். இயந்திரத்தையே கண்டறியாதவர்களல்லர் அவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பின்னல் பொறியிலே உழைத்தவர்கள். உடைத்தார்கள், உண்மை. எதை உடைத்தார்கள்? கூலியைக் குறைத்து, மட்டச் சரக்கை உருட்டிவிட்ட முதலாளிகளின் பொறிகளைத் தேடி உடைத்தார்கள். நியாயமான கூலி தந்தவன் வீட்டுப் பொறியைத் தொடாமல் போனார்கள். நாடாளுமன்றம் என்ன செய்தது? பொறியை உடைப்போருக்குத் தூக்கு என்று 1812-ம் ஆண்டு சட்டம் செய்தது! அந்த மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தபோது எதிர்த்துப் பேசியவர் யார் தெரியுமா? கவிஞர் பைரன்! சபையிலே அவர் பேசிய முதல் பேச்சே அதுதான். பசித்தவன் பக்கம் நின்று பேசினார் அந்தப் பிரபு. பேச்சு தோற்றது, சட்டம் வென்றது. மறு ஆண்டு சனவரியிலே யார்க் நகரத்திலே பதினேழு பேர் தூக்கிலே தொங்கினர்.

அன்று அந்தத் தறிக்காரனுக்குச் சங்கம் இல்லை. சங்கம் சேர்வதே சட்டப்படி குற்றம். பேச இடமில்லாதவன் சம்மட்டியால் பேசினான். இன்று லாஸ் வேகாஸ் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. ஆகவே அவன் சம்மட்டியைத் தேடவில்லை, பேனாவைக் கேட்கிறான். ஒப்பந்தத்திலே எழுது என்கிறான். இருநூறு ஆண்டுக் காலத்தில் தொழிலாளி வர்க்கம் நடந்து வந்த தூரம் அது!

அதே அலை, வேறு கை

இவர்கள் தொழில்நுட்பத்துக்கே விரோதிகள் என்பது பச்சைப் பொய். அதற்கு ஒரு சான்று.

தனியாக ஓர் அறைக்குள் நுழையும் பெண்ணுக்கு என்னென்ன ஆபத்து நேரும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பணத்திமிரும் மதுவெறியும் சேர்ந்த இடத்திலே, கதவு மூடினால் கத்தினாலும் கேட்காது. இந்தப் பெண்களின் சங்கம் என்ன கேட்டது? எங்கள் இடுப்பிலே ஓர் ஆபத்துப் பொத்தான் கொடுங்கள். அழுத்தினால் நாங்கள் இருக்கும் இடம் காவலருக்குத் தெரியட்டும் என்று கேட்டது! சிகாகோ நகரத்திலே போராடி, 2017-ம் ஆண்டு நகரச் சட்டமாகவே அதைப் பெற்றார்கள். லாஸ் வேகாஸிலே 2018-ம் ஆண்டு ஒப்பந்தத்திலே பெற்றார்கள்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பெண் எங்கே இருக்கிறாள் என்று காட்டுகிற அதே அலை, அவள் உயிரையும் மானத்தையும் காக்கும். அவள் கழிவறையிலே எத்தனை நிமிடம் இருந்தாள் என்று கோள் சொல்லவும் செய்யும். கருவி ஒன்றுதான். பொத்தான் அவள் விரலில் இருந்தால் காவல். அவன் விரலில் இருந்தால் வேவு. ஓட்டல் தொழிலாளியின் வழக்கு முழுவதும் இந்த ஒரு வரியிலே அடக்கம். கருவி வரட்டும், அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் இடத்திலே எனக்கும் ஒரு நாற்காலி போடு என்பதுதான் அவன் வாதம்.

ஆறு ஆண்டு நின்றவர்கள்

நாற்காலி கேட்டால் போட்டுவிடுவார்களா? கேட்பவன் யார், அவன் பின்னால் நிற்பவர் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் போடுவார்கள்.

1991-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி, லாஸ் வேகாஸ் 'பிரான்டியர்' ஓட்டலிலே சுமார் 550 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு வாரம், ஒரு மாதம் என்று எண்ணியிருப்பார் முதலாளி. ஆறு ஆண்டு, நான்கு மாதம், பத்து நாள்! பாலைவன வெயிலிலும் இரவுக் குளிரிலும், இருபத்து நான்கு மணி நேரமும், வாசலிலே மறியல். 1998-ம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி, ஓட்டல் கைமாறி, புதிய உரிமையாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்த பிறகே அவர்கள் உள்ளே சென்றார்கள். அத்தனை காலத்திலும் அவர்களிலே ஒருவர்கூட மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குத் திரும்பவில்லை. ஒருவர்கூட!

இந்த வரலாறு கையிலிருந்ததால்தான், 2018-ம் ஆண்டு மே மாதம் சுமார் 25,000 பேர் திரண்டு, நூற்றுக்கு 99 பேர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தபோது, நிர்வாகங்கள் அதை மிரட்டல் என்று தள்ளிவிடவில்லை. அன்று சங்கத்தின் செயலாளர்-பொருளாளர் ஜியோகோண்டா அர்கெல்லோ-கிளைன்; நிகரகுவா நாட்டிலிருந்து வந்து, ஓட்டலிலே அறை சுத்தம் செய்து வாழ்ந்த பெண்மணி. மெத்தை தூக்கிய கரம் மேஜைக்கு எதிரே அமர்ந்தது! புதிய தொழில்நுட்பம் வருமுன் முன்னறிவிப்பு, தொழிலாளிக்குப் பயிற்சி என்ற பாதுகாப்புகள் அந்த ஒப்பந்தத்திலே இடம்பெற்றன.

கணிப்பொறி கவிழ்ந்த வாரம்

ஐந்தாண்டு ஓடிற்று. 2023-ம் ஆண்டு மீண்டும் பேச்சுவார்த்தை. அந்தச் செப்டம்பரிலே ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்பதைவிடப் பாடம் என்பது பொருந்தும்.

எம்.ஜி.எம். நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குள் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். வலைப்பின்னல் முழுதும் முடங்கிற்று. கைப்பேசிச் சாவி திறக்கவில்லை, சூதாட்டப் பொறிகள் ஊமையாயின, முன்பதிவு இயங்கவில்லை. சுமார் பத்து நாள்! இழப்பு ஏறத்தாழ 10 கோடி டாலர் என்று நிறுவனமே பின்னர் கணக்குக் காட்டிற்று. அந்தப் பத்து நாளும் ஓட்டல்கள் மூடிக்கிடந்தனவா? இல்லை! காகிதமும் பேனாவும் எடுத்து, வரிசையில் நின்ற விருந்தாளியின் பெயரைக் கையால் எழுதி, சூதிலே வென்றவருக்குப் பணத்தைக் கையால் எண்ணிக் கொடுத்து, கோபித்தவரைச் சமாதானப்படுத்தி, ஓட்டலை ஓட்டியது யார்? செலவு என்று ஏட்டிலே எழுதப்படுகிற அந்த மனிதர்கள்தாம்! மதிநுட்பமுள்ள பொறி மல்லாந்து கிடந்தபோது, கூலிக்காரன் கை கொடுத்தான்.

அதே மாதம் 26-ந் தேதி வாக்கெடுப்பு. நூற்றுக்கு 95 பேர் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதம். டெட் பாப்பஜார்ஜ் தலைமையில் சங்கம் நாள் குறித்தது: நவம்பர் 10. பதினெட்டு ஓட்டல்களிலே சுமார் 35,000 பேர் வெளியேறத் தயார். கார்ப் பந்தயத் திருவிழாவுக்கு உலகமே அந்நகருக்கு வரவிருந்த நேரம் அது. 8-ந் தேதி சீசர்ஸ் இணங்கிற்று. 9-ந் தேதி எம்.ஜி.எம்.; 10-ந் தேதி, கெடு முடியும் வேளையிலே, வின். வேலைநிறுத்தம் நடக்கவில்லை, நடக்கும் என்ற நம்பிக்கையே வென்றது.

பெற்றது என்ன? ஐந்தாண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 32 கூலி உயர்வு. அறைப் பெண்களுக்கு வேலைப்பளு குறைப்பு. அத்துடன், நமது விசாரணைக்கு வேண்டிய பகுதி இதோ: வேலையைப் பாதிக்கும் தொழில்நுட்பத்தைப் புகுத்துமுன் ஆறு மாத முன்னறிவிப்பு. புதிய கருவியைக் கையாள இலவசப் பயிற்சி. தொழிலாளி இருக்கும் இடத்தைப் பின்தொடரும் கருவிகளிலிருந்து அந்தரங்கப் பாதுகாப்பு. தொழில்நுட்பத்தாலோ செயற்கை நுண்ணறிவாலோ வேலை பறிபோனால், உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,000 டாலர் இழப்பீடு. அதே நிறுவனத்தில் வேறு வேலைக்கு முயலும் வாய்ப்பு.

விலை வைத்தார்கள்!

இருபது ஆண்டு உழைத்தவளுக்கு 40,000 டாலர். போதுமா? போதாது! ஒரு வாழ்வின் நடுப்பகுதியையே கொடுத்தவளுக்கு அது ஈடாகாது. அமெரிக்க நாட்டு வீட்டு வாடகையிலே அது வெகுநாள் தாங்காது. மறைப்பானேன்? இந்த ஒப்பந்தம் வேலை போகவே போகாது என்று உறுதி தரவில்லை.

ஆனால் நுணுகிப் பாருங்கள். நேற்றுவரை, ஆளை நீக்கிப் பொறியை வைக்கலாமா என்று கணக்குப் போட்டவர் பொறியின் விலையை மட்டும் எழுதினார். ஆளை அனுப்பும் செலவு என்ற இடத்திலே சுழியம் போட்டார். அவளுடைய இருபது ஆண்டு அந்தக் கணக்கிலே வரவில்லை. இப்போது வந்தே தீர வேண்டும்! அனுபவம் மிக்கவளை அனுப்புவது அதிகச் செலவு என்றாகிவிட்டது. ஆறு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்றால், ஆறு மாதம் பேசலாம், திரளலாம், மாற்று வழி கேட்கலாம். ஓசைப்படாமல் நிகழ்ந்த ஒன்றை ஊரறிய நிகழவேண்டிய ஒன்றாக ஆக்கிவிட்டார்கள். இருட்டிலே நடப்பதற்குத்தான் திருட்டு என்று பெயர். விளக்கை ஏற்றியதே பாதி வெற்றி.

வளர்ச்சியைத் தடுக்கலாமா என்று கேட்பவருக்கு மரியாதையோடு ஒரு மறுகேள்வி: வளர்ச்சி என்றால் யாருடைய வளர்ச்சி? நாலு பேர் வேலையை ஒரு பொறி செய்கிறது என்றால், அந்த நாலு பேருக்கும் வேலை நேரத்தைக் குறைத்துக் கூலியைக் குறைக்காமல் விடலாம். மூன்று பேரை வீதிக்கு அனுப்பி, மிஞ்சியவனை நாலு மடங்கு ஓடவைக்கவும் செய்யலாம். இரண்டிலும் பொறி ஒன்றே. எந்த வழி என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை. பொறிக்குச் சொந்தக்காரன் தீர்மானிக்கிறான். அவன் எதிரே சங்கம் இருந்தால், சங்கமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. வேறொரு வழியும் இல்லை.

2018-ம் ஆண்டு இலையுதிர் காலத்திலே, மாரியட் ஓட்டல் தொழிலாளர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் எட்டு நகரங்களிலே வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் ஏந்திய முழக்கம்: பிழைக்க ஒரு வேலை போதுமானதாக இருக்க வேண்டும்! ஒரு வேலையில் வயிறு நிறையாமல் இரண்டு வேலைக்கு ஓடியவர்களின் முழக்கம் அது. தொழில்நுட்பத்திலிருந்து பாதுகாப்பும் அவர்கள் கேட்டவற்றிலே ஒன்று. சான்பிரான்சிஸ்கோவிலே இரண்டு மாதம் வீதியில் நின்றே ஒப்பந்தம் கண்டார்கள். லாஸ் வேகாஸ் வர்ஜின் ஓட்டல் தொழிலாளர்கள், 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை, 69 நாள் வெளியே நின்று ஒப்பந்தம் கண்டார்கள். தட்டிலே வைத்து எவரும் எதையும் நீட்டவில்லை.

சங்கம் இல்லாத ஓட்டல்களிலே என்ன நடக்கிறது? முன்னறிவிப்பும் இல்லை, 2,000 டாலரும் இல்லை. ஒரு நாள் காலையிலே கருவியைக் கையில் கொடுப்பார்கள். மறு நாள் காலையிலே கருவியைத் திருப்பிக் கேட்பார்கள். அங்கே உழைப்பவளுக்கும் அதே முதுகு வலிதான், அதே வயிறுதான். வேற்றுமை ஒன்றே: அவளுக்காக எழுதப்பட்ட தாள் இல்லை.

ஆகவே தோழர்களே, கேலிக்காரருக்கு நாம் தரும் பதில் இது. லாஸ் வேகாஸ் தொழிலாளர்கள் கடலலையைக் கைகொண்டு தடுக்கவில்லை. அலை வருமுன் அணை கட்டினார்கள். அணையிலே மதகு வைத்தார்கள். மதகின் சாவியிலே ஒன்று எங்களிடமும் இருக்க வேண்டும் என்றார்கள். வெள்ளம் வந்தபின் கட்டுகிற அணை எவருக்கும் பயன்பட்டதில்லை. கருவி வந்தபின் கதறுவது பழைய கதை; வருமுன் கேட்பது புதிய பாடம்.

கங்காணி கண்ணுக்குத் தெரியாதவனாக மாறிவிட்டான். அவனைக் கண்ணுக்குத் தெரியச் செய்வது சங்கத்தின் முதல் வேலை. அவன் தரும் கட்டளைக்கு ஆள் யார் என்று கேட்பது இரண்டாவது வேலை. கேட்டுப் பெற்றதைத் தாளிலே எழுதிக் கையெழுத்து வாங்குவது மூன்றாவது வேலை.

மெத்தை விரிக்கும் கரங்கள் அதைச் செய்து காட்டிவிட்டன!